மொட்டைமாடிக்கு ஒரு கைப்பிடிச்சுவர்

சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவைக் குறி வாங்கிக்கொண்டு, 'ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன்' என்று குடியை நிறுத்துகிற ஆண்கள் நம் தென்மாவட்டப் பங்குகளில் நிறைய உண்டு. சொன்னபடி இருந்தும் காட்டுகிறார்கள். சி.எஸ்.ஐ. சபைகளின் லெந்து நாட்களிலும் இதைப் பார்க்கலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டவரும் ரமலானில் நோன்பு பிடிப்பவரும் அப்படித்தான். பிறகு உயிர்ப்பு ஞாயிறு வருகிறது. மதியம் கறிச்சோறு, சாயங்காலம் டாஸ்மாக்.

இதைக் கேலி பேசுவது சுலபம். நாற்பது நாள் நின்ற உறுதி நாற்பத்தோராம் நாள் எங்கே போனது என்று யோசிப்பதுதான் பயனுள்ளது. அந்த நாற்பது நாளும் அவர் தனியாக இல்லை. மனைவிக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், வேலைத்தலத்தில் தெரியும். 'அண்ணன் விரதம்' என்று அறிந்தவன் கிளாஸை நீட்டமாட்டான். நீட்டினாலும் பக்கத்தில் இருப்பவன் அதட்டுவான். ஊரே காவல் நின்றது. ஈஸ்டரோடு ஊர் தன் காவலைக் கலைத்துக்கொண்டு போய்விட்டது.

சோதனையை வெல்வது பற்றி நம் பிரசங்கங்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ஜெபம் பண்ணு, வேதம் வாசி, வசனத்தைப் பிடித்துக்கொள், பிசாசு ஓடிப்போவான். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. சொல்லாமல் விட்ட மீதிப் பாதி, பீடத்தில் நிற்பவர் உட்பட நம் எல்லோர் தலையிலும் விழக்கூடியது என்பதாலோ என்னவோ, அது வசதியாக மறந்துபோகிறது.

வனாந்தரத்தில் இயேசு சோதிக்கப்பட்ட நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். கல்லை அப்பமாக்கு என்றதற்கும், ஆலயத்து உச்சியிலிருந்து குதி என்றதற்கும், உலக ராஜ்யங்களைத் தருகிறேன் என்றதற்கும் அவர் வேத வார்த்தையால் பதில் சொன்னார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் இது தெரியும். இரண்டு விஷயங்களைத்தான் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். மத்தேயுவின் வரிசையில் இரண்டாம் சோதனையின்போது சாத்தானும் வேதத்தைத்தான் பேசுகிறான். 91ஆம் சங்கீதத்தை எடுத்து நீட்டுகிறான். மனப்பாட வசனப் போட்டி வைத்தால் அவனுக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு உண்டு. இன்னொன்று, இயேசு சொன்ன மூன்று பதில்களும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை. உபாகமம். கத்தோலிக்கப் பதிப்பில் இணைச்சட்டம்.

அது ஒரு தனிமனிதன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதற்காக எழுதப்பட்ட புத்தகம் இல்லை. நாடோடியாய் இருந்து, குடியமரப் போகிற ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சொல்லப்பட்ட சட்டம். நீதிபதி கைக்கூலி வாங்கக் கூடாது. பையில் இரண்டு விதமான எடைக்கல் வைத்திருக்கக் கூடாது. கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டு விதவைக்கும் அநாதைக்கும் அந்நியனுக்கும் உரியது. இவற்றுக்கு நடுவே 22ஆம் அதிகாரத்தில், பொறியாளர் எழுதியதுபோல ஒரு விதி இருக்கிறது. புது வீடு கட்டினால் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டு. கட்டாமல் விட்டு யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும்.

பாலஸ்தீனத்து வீடுகளின் தட்டைக் கூரை, நம் வீட்டு மொட்டைமாடி மாதிரிதான், வாழ்கிற இடம். எரிகோவில் ராகாப் சணல் தட்டைகளைப் பரப்பி வைத்திருந்ததும், யோப்பாவில் பேதுரு ஜெபம் பண்ண ஏறிப்போனதும் அங்கேதான். (தாவீது ராஜா சறுக்கியதும் அரண்மனை உப்பரிகையில் உலாவும்போதுதான். கைப்பிடிச்சுவர் அவர் கண்ணைத் தடுத்திருக்காது என்பது வேறு விஷயம்.) விழுந்தவன் கவனமில்லாதவனா, தூக்கக் கலக்கத்தில் நடந்தவனா என்று அந்தச் சட்டம் விசாரிப்பதில்லை. அது வீட்டுக்காரனைப் பிடிக்கிறது. எல்லோரும் நடமாடுகிற இடத்தில் பள்ளத்தைத் திறந்து வைத்திருப்பவன் யாரோ, அவன் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் குடித்தவனுக்கும் சூதாடியவனுக்கும் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. யாக்கோபின் நிருபம் இதில் தாட்சண்யம் பார்ப்பதில்லை. கடவுள் சோதித்தார் என்று சாக்குச் சொல்லாதே, உன் சொந்த இச்சைதான் உன்னை இழுத்தது என்று முதல் அதிகாரத்திலேயே அடித்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதே நிருபம் முடிகிற இடத்தில், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள், வழிதவறினவனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்கிறது. முதல் அதிகாரத்தை வாசித்துக் கட்டளையிடுகிறவர்கள் ஐந்தாம் அதிகாரம் வரைக்கும் வர வேண்டாமா?

புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலில் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்கிறார். சட்டம் படிக்க உரோமுக்குப் போன அந்த இளைஞருக்கு, மனிதனை மனிதன் கொல்லும் கிளாடியேட்டர் ஆட்டம் என்றாலே வெறுப்பு. கூட்டாளிகள் கையைப் பிடித்து அரங்குக்கு இழுத்துப் போனார்கள். உடம்பைத்தான் இழுக்கலாம், கண்ணைத் திறக்கவைக்க முடியாது என்று சவால்விட்டு, உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வீரன் ஒருவன் விழுந்தபோது அரங்கம் முழுக்க எழும்பிய கூச்சல் அவர் காதில் அறைந்தது. கண் திறந்தது. அந்த நொடியிலிருந்து கத்துகிறவர்களோடு சேர்ந்து கத்தினார். பின்னாளில் புதியவர்களை இழுத்துக்கொண்டு வருகிறவரும் ஆனார். அவர் மன உறுதி குறைந்தவர் என்று சொல்லிவிட முடியாது. கண்ணுக்கு இமை இருந்தது, காதுக்கு இல்லை. அந்தக் கூச்சல் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து போட்டது.

386இல் மிலான் தோட்டத்தில் அகுஸ்தீனார் மனம் திரும்பிய நிகழ்ச்சியைத் திருச்சபை பதினாறு நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறது. குடிவெறியையும் காமக் களியாட்டத்தையும் விட்டுவிடச் சொல்லும் உரோமையர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வரிகளை அவர் வாசித்தார், மாறினார். பக்கத்திலிருந்த அலிப்பியுஸ் புத்தகத்தை வாங்கி அடுத்த வரியைப் படித்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர்கள் குறைவு. அடுத்த வரி 14ஆம் அதிகாரத்தின் தொடக்கம்: விசுவாசத்தில் பலவீனமானவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தனக்கே சொல்லப்பட்டது என்று அலிப்பியுஸ் எடுத்துக்கொண்டார். அந்த அதிகாரம் மேலும் போய், இறைச்சியோ மதுவோ வேறெதுவோ உன் சகோதரனுக்கு இடறலாக இருந்தால் நீ அதை விட்டுவிடு என்கிறது. கானாவூர் கல்யாணத்தில் இயேசுவே திராட்சரசம் கொடுத்தாரே என்று கேட்கும் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பவுலின் பதில் இதுதான். குடிப்பது உனக்குத் தகுமா தகாதா என்ற வழக்குக்கே அவர் போகவில்லை. பக்கத்தில் இருப்பவன் நிலைமை என்ன என்றுதான் கேட்டார்.

இந்தப் பாடத்தை இருபதாம் நூற்றாண்டில் சரியாகப் பிடித்துக்கொண்டவர்கள் குடிநோயாளிகளே. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் மேஃப்ளவர் ஓட்டல். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆன நியூயார்க் பங்குத்தரகர் பில் வில்சன், வந்த வியாபாரம் கைகூடாமல் தனியாக நிற்கிறார். கூடத்தின் ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் அந்நகரத்துத் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். அவர் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குப் போன் போட்டார். இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று கேட்டார். கை மாறி கை மாறி அவர் போய்ச் சேர்ந்த ஆள், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அந்த இருவரிடமிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.). 1935 ஜூன் 10 அதன் தொடக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கம் ஒன்றின் மடியில் வளர்ந்த அந்தத் தொடக்கக் குழுவினர் விரும்பிப் படித்தவற்றில் யாக்கோபின் நிருபமும் ஒன்று. இன்று எந்த மதத்தினரும் மதமே இல்லாதவரும் அங்கே உட்காரலாம். அன்று அந்த ஓட்டலில் ஒரு போன் நம்பர் இருந்தது, அழைத்தபோது எடுக்க ஒரு ஆள் இருந்தார்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே மொட்டைமாடியின் முதல் வீட்டுக்காரர் அரசாங்கம். மது விலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. 2023–24இல் அதன் வழியே அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. வழிபாட்டுத் தலத்துக்கும் பள்ளிக்கும் நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும் என்று விதி. நூறு மீட்டர் என்பது குடிக்காமல் இருக்கப் போராடுகிற ஒருவருக்கு இரண்டு நிமிட நடை. கைப்பிடிச்சுவர் என்றால் முழங்கால் உயரத்துக்கு மேலாவது இருக்க வேண்டும்.

2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரிழந்தார். அவர் சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி. 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த மாவட்டத்திலிருந்து வந்து, கிறிஸ்தவர்கள் செறிந்து வாழும் குமரி மாவட்டத்து ஊருக்காக இறந்தார். ஒருவர் சுமையை ஒருவர் சுமப்பதைப் பற்றிக் கலாத்தியர் நிருபத்திலிருந்து போதிக்கிற நமக்கு, அதைச் செய்து காட்டியவர் நம் சபைப் பதிவேட்டில் இல்லாதவர்.

இணையச் சூதாட்டம் இன்னும் மோசம். அதற்கு நூறு மீட்டர் கணக்குகூடக் கிடையாது, சட்டைப்பையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் தடைச்சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் விலக்கியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சட்டம் சுவர் கட்டலாம். ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் அந்த வீட்டில் இருப்பவர்கள்தான்.

அரசைக் குறை சொல்லிவிட்டுக் கையைக் கழுவினால் நாமும் பிலாத்துக்கள். நம் சபைகளின் கூரையையும் கொஞ்சம் ஏறிப் பார்ப்போம். லாட்டரியை 2003இல் மாநிலமே ஒழித்துவிட்டது. நம் பங்குத் திருவிழாக்களில் குலுக்கல் சீட்டு இன்னும் விற்கிறது. ஆலயத்தில் திருமணம் முடிந்து மண்டபத்தில் வரவேற்பு நடக்கும்போது, வெளியே நிறுத்திய காருக்குள் என்ன நடக்கிறது என்று சேகரக் கமிட்டிக்கும் தெரியும், மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். செலவை ஏற்றவர் சபையில் முதல் வரிசைக்காரர் என்பதால் வாய் திறப்பதில்லை. துக்க வீட்டில் பெட்டி செய்பவருக்கும் குழி வெட்டுபவருக்கும் கூலியோடு ஒரு குவார்ட்டரும் தருவது மரியாதை என்று ஆகிவிட்டது.

இதைவிடக் கவலை தருவது சாட்சி சொல்லும் வழக்கம். பத்து வருடம் குடித்தேன், கர்த்தர் விடுதலை கொடுத்தார் என்று ஒருவர் எழுந்து நின்றால் அல்லேலூயா முழங்குகிறது. நல்லது. போன வாரம் மறுபடியும் விழுந்துவிட்டேன் என்று அவரே எழுந்து சொன்னால்? அவருக்கு நம்மிடம் தயாராக இருக்கும் பெயர் 'பின்வாங்கிப் போனவர்'. அடுத்த வாரத்துக்குள் அது தெருமுழுக்கத் தெரியும். அதனால் அவர் வரமாட்டார். தேவைப்படுகிற நாளில் சபைக்கு வர முடியாதவரை, தேவைப்படாத நாளில் மேடையேற்றி என்ன பயன்? ஏ.ஏ. கூட்டத்தில் விழுந்தவர் அடுத்த நாளும் அதே நாற்காலியில் உட்காரலாம், கேட்டது வெளியே போகாது. அந்த ஒழுக்கத்தைச் சபை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

ஜெபத்தின் பெயரால் நடக்கும் ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நீண்ட காலம் கடுமையாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரலாம், உயிருக்கே கேடாகலாம். அவரை உபவாசக் கூட்டத்தில் உட்கார்த்தி வைத்துப் பிசாசு ஓட்டுவது விசுவாசமாகாது. முதலில் மருத்துவமனை. பிரியமான வைத்தியன் என்று பவுல் அழைத்த லூக்காவும் நம் திருச்சபைக்காரர்தான்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் சபை மண்டபத்தை ஒரு மாலை ஏ.ஏ. கூட்டத்துக்கு வாடகையில்லாமல் திறந்துவிடலாம். விரத நாட்களில் காவல் நின்ற அன்பியமும் ஆண்கள் ஐக்கியமும் ஈஸ்டருக்குப் பிறகும், அந்தச் சகோதரர் சம்மதித்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போன் போடலாம். ஆறு மணி எவ்வளவு ஆபத்தான நேரம் என்று அவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு யோசேப்பின் கதையைச் சொல்லும்போது, அவன் போத்திபாரின் மனைவியோடு வாதாடிக்கொண்டு நிற்காமல் மேலாடையை விட்டுவிட்டு ஓடியதை அழுத்திச் சொல்லலாம். செல்போனை வரவேற்பறையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவதும் அந்த ஓட்டம்தான்.

கிறிஸ்தவர்கள் மட்டும் கூடிப் பேசித் தீர்க்கிற காரியமும் இது இல்லை. கடை வாசலில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டம் எதுவானாலும், பங்குத்தந்தையும் சேகர ஐயரும் கோயில் தர்மகர்த்தாவும் ஜமாத் தலைவரும் ஒன்றாகப் போய் உட்காரட்டும். பள்ளிக்கூட வழியில் இருக்கும் கடையின் தூரத்தை அளந்து தீர்மானம் எழுதுங்கள். போதையிலிருந்து மீள உதவும் மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. திருப்பலி நேரமும் ஆராதனை நேரமும் எழுதுகிற பலகையில், இந்த ஞாயிறே அதையும் எழுதி வையுங்கள்.