துறைமுக கேட்டுக்கு வெளியே ஒரு தீவு

ஓய்வு பெற்ற அப்பா, அம்மா சென்னையில். மகனோ மகளோ அமெரிக்காவில். ஆறு மாதம் தங்கிவிட்டு வரலாம் என்று போகிறார்கள். நயாகரா பார்த்தாச்சு. டிஸ்னி பார்த்தாச்சு. ஒன்பது டிகிரி குளிரில் வீட்டுக்குள் உட்கார்ந்து பேரனுக்குத் தோசை வார்த்தும் ஆச்சு. அடுத்து என்ன? ‘ஒரு க்ரூஸ் போட்டுடலாம்பா’ என்கிறான் பையன். ஏழு ராத்திரி, ஐந்து தீவுகள். சாப்பாடு இலவசம் என்று சொல்லிக்கொள்வார்கள். டிக்கெட் பணத்தில் அது அடக்கம் என்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘கரீபியன் எப்படி இருந்தது?’ கப்பலைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்வார்கள். எத்தனை மாடி, எத்தனை லிஃப்ட், நடுராத்திரியில்கூட ஐஸ்க்ரீம் கிடைத்தது. தீவு? ‘நல்ல பீச். தண்ணி நீலமா இருந்தது.’ எந்தத் தீவு? அங்கேதான் தடுமாற்றம். ஐந்தும் ஒன்றாகக் குழம்பிவிட்டிருக்கும்.

இது அவர்களுடைய மறதி இல்லை. அந்த ஒரு நாள் பயணம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் தீவில் இறங்க வேண்டும். ஆனால் தீவைச் சந்தித்துவிடக் கூடாது.

காலை எட்டு மணிக்குக் கப்பல் கரை ஒதுங்குகிறது. சாயங்காலம் ஐந்துக்குக் கிளம்புகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாலேயே ஏறிவிட வேண்டும். இறங்குகிற க்யூவையும் கழித்தால் உங்கள் கையில் மிஞ்சுவது ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துக்கும் கப்பல்காரர்கள் ஏற்கெனவே ஆள் வைத்திருக்கிறார்கள். அவர்களே விற்கும் டூர், அவர்களே ஏற்பாடு செய்த பஸ், அவர்களே சிபாரிசு செய்யும் நகைக் கடை. டூர் பணத்தில் ஒரு பங்கு கப்பலுக்குப் போகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடலாம், அதுதான் ‘இலவசம்’ ஆயிற்றே! அந்த ஊர் ஓட்டல்காரர் பாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. ஹைத்தியின் வட கரையில் லபாடி என்று ஓர் இடம். ஒரு பெரிய கப்பல் நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டுத் தன் பயணிகளுக்கு மட்டும் கடற்கரை ஆக்கியது. 2010 ஜனவரி 12 அன்று ஹைத்தியில் பூகம்பம். தலைநகரம் தரைமட்டம். மூன்று நாள் கழித்து அதே நாட்டின் அந்தக் கரையில் உல்லாசக் கப்பல் வந்து நின்றது. நிவாரணப் பொருட்களும் கொண்டுவந்தோம் என்று நிறுவனம் சொன்னது, உண்மைதான். ஆனால் வேலிக்கு உள்ளே ஜனங்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்ததும் உண்மை. அப்படி வேலிக்குள் நின்று பார்ப்பதற்குப் பெயர் தீவைப் பார்ப்பதா?

* * *

‘சார், நாங்க லீவுல போறோம். அங்கேயும் வந்து பாடம் நடத்தாதீங்க’ என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. பீச்சில் படுக்கத்தான் ஆசை என்றால் தாராளமாகப் படுங்கள், அது குற்றமே இல்லை. ஆனால் உலகத்தின் மறுகோடிக்கு ஒரே ஒரு முறை போகிறீர்கள். அந்த ஒரு நாளை உருப்படியாகச் செலவழிப்பது எப்படி என்று கேட்டால், என் பதில் இதுதான்: ‘பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். இரண்டே இரண்டு விஷயத்தைப் பாருங்கள். கேட்டைத் தாண்டி நடங்கள். பசித்தால் அந்த ஊரில் சாப்பிடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு தீவை எடுத்துக்கொள்வோம். குவாதலூப். வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி இரண்டு நிலப்பகுதிகள், நடுவே ஒடுக்கமான ஒரு கடல் கால்வாய். ஒரு பக்கம் சமதரை, கரும்பு. மறு பக்கம் மலை, காடு, 1467 மீட்டர் உயரத்தில் புகைந்துகொண்டிருக்கும் சூஃப்ரியேர் எரிமலை. 1946 முதல் அது பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம் மாதிரி. யூரோதான் செல்லுபடியாகும். பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். பிரான்ஸ்தானே என்று நினைத்து விசா விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இந்தத் தீவு ஷெங்கன் எல்லைக்குள் வராது. கிளம்பும் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் நிற்பது புவாந்த்-ஆ-பீத்ர் என்ற ஊரில். நல்ல காலம், துறைமுகம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. டாக்ஸி வேண்டாம், கால் போதும். கொஞ்ச தூரத்தில் மசாலாச் சந்தை. பட்டை, ஜாதிக்காய், வனிலா, மிளகாய், அப்புறம் மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி, குவியல் குவியலாக. என்ன என்று கேளுங்கள். ‘கொலம்போ’ என்பார்கள். மோந்து பாருங்கள். மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு. உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி! அதைப் போட்டு ஆட்டுக் கறியோ கோழியோ சமைத்தால் அந்தப் பதார்த்தத்துக்கும் கொலம்போ என்றே பெயர். நம்ம குழம்புதான் சார் அது. பெயர் மட்டும் கடல் தாண்டிக் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

குழம்பு அங்கே எப்படிப் போயிற்று? அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பொடியை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துப் பிரயோசனம் இல்லை.

* * *

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. நஷ்ட ஈடு யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு! விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நியாயமான கூலி கேட்டார்கள். தோட்ட முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. மலிவாக உழைக்க வேறு ஆள் தேடினார்கள். பாண்டிச்சேரியும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் 344 பேரைக் கொண்டுவந்து புவாந்த்-ஆ-பீத்ரில் இறக்கியது. நீங்கள் ஐஸ்க்ரீம் வாயோடு இறங்குகிற அதே ஊர்.

அடுத்த 35 வருடங்களில் 42,000 பேருக்கு மேல் வந்தார்கள். எல்லோரும் தமிழர்கள் இல்லை. கல்கத்தா வழியாக வந்தவர்களும் உண்டு. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் ஊருக்குத் திரும்பக் கப்பல் என்பது வாக்குறுதி. திரும்பியவர்கள் சிறு பகுதிதான். கரும்புக் காட்டிலேயே செத்தவர்கள் ஏராளம். நிலைமை எவ்வளவு மோசம் என்றால், இந்தியாவைச் சுரண்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசுக்கே மனசு கேட்காமல் 1888-ல் அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழன் கடல் தாண்டினான் என்றால் உடனே நமக்கு ராஜேந்திர சோழன் ஞாபகம் வருகிறான். கடாரம் கொண்டான் என்று மீசையை முறுக்குகிறோம். சினிமா எடுக்கிறோம். கப்பலின் அடித்தட்டில் மூட்டை மாதிரி அடுக்கப்பட்டுக் கடல் தாண்டியவனைப் பற்றி நமக்குப் பேச்சே கிடையாது. ஏனென்றால் அவனிடம் புலிக்கொடி இல்லை. பஞ்சத்தில் அடிபட்டவன், நிலம் இல்லாதவன், ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் அவர்களில் எத்தனையோ பேர். அவன் போனது நமக்கு வீரம் இல்லை, அவமானம். அதனால்தான் பாடப் புத்தகத்தில் ராஜேந்திர சோழனுக்குக் கிடைக்கிற இடம் ‘ஒரேலி’க்குக் கிடைப்பதில்லை.

* * *

சந்தையிலிருந்து கடற்கரையோரமாக அரை மணி நடந்தால் ‘மெமோரியல் ஆக்ட்’ என்ற அருங்காட்சியகம். கறுப்புப் பெட்டி மேல் வெள்ளி வேர்கள் படர்ந்த மாதிரி கட்டடம். பழைய டார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-ல் திறந்தார்கள். அடிமை வியாபாரத்தின் கதை அங்கே இருக்கிறது. 1794-ல் ஒரு முறை விடுதலை கொடுத்து, 1802-ல் நெப்போலியன் திரும்பவும் அடிமை ஆக்கியதும், அதற்கு அடிபணிய மறுத்த லூயி டெல்க்ரே தன் ஆட்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்துச் செத்ததும் தெரிந்தால், அந்த நீலத் தண்ணீர் உங்கள் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும்.

அடுத்தது, தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் காபெஸ்டெர் என்ற ஊர். டாக்ஸிக்காரரிடம் முதலிலேயே ரேட்டும் திரும்பும் நேரமும் பேசிவிடுங்கள். வழியெல்லாம் வாழைத் தோட்டம். போட்டோ எடுப்பீர்கள். எடுங்கள். கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வாழைக்கு 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து அடித்தார்கள். பிரான்சில் 1990-ல் தடை. இந்தத் தீவுகளுக்கு மட்டும் இன்னும் மூன்று வருடம் விதிவிலக்கு! மண்ணிலும் தண்ணீரிலும் கலந்த விஷம் இன்னும் போகவில்லை. பரிசோதித்ததில் பத்துப் பெரியவர்களில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருந்தது. வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள், இது சுகாதார ஊழல்தான், ஆனால் யாரையும் தண்டிக்க வழியில்லை என்று மூடிவிட்டார்கள். போபாலைப் பார்த்த நமக்கு இது புதுசா?

காபெஸ்டெரில், ஷாங்கி என்ற இடத்தில், மெயின் ரோட்டு ஓரமாகவே ஒரு கோயில். கோபுரம், சிலைகள், வர்ணம், எல்லாம் நம்ம ஊர் மாதிரியே. மாரியம்மன் அங்கே ‘மாலியேமென்’. மதுரை வீரன் ‘மால்தேவிலின்’. ஆடும் சேவலும் பலி கொடுப்பார்கள். கும்பிடுகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகிறவர்கள்.

தயவுசெய்து அங்கே போய் இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். ஒன்று, ‘தமிழ் தெரியலையா? அடடா’ என்று உச்சுக் கொட்டாதீர்கள். தமிழைப் பறிகொடுத்தது அவர்கள் குற்றமில்லை. உங்கள் பேரனுக்குப் பத்து வருஷத்திலேயே தமிழ் போய்விட்டது. அவர்களுக்கு நூற்றைம்பது வருஷம் கழித்தும் மாரியம்மன் பாக்கி இருக்கிறாள். யார் யாருக்காகப் பரிதாபப்பட வேண்டும்? இரண்டு, ‘இது ஆகமப்படி இல்லையே’ என்று திருத்தப் பார்க்காதீர்கள். அவர்கள் உங்கள் கோயிலின் கிளை ஆபீஸ் நடத்தவில்லை. அவர்கள் குவாதலூப்காரர்கள். பெயரில் நம் ஊர் வாசனை இருக்கும், அவ்வளவுதான். எர்னெஸ்ட் மூத்துசாமி என்பவர் 1981 முதல் 2002 வரை பாரிஸ் நாடாளுமன்றத்தில் அந்தத் தீவின் உறுப்பினராக இருந்தார்.

அதற்கு முன்னால் இன்னொருவர். ஹென்றி சிதாம்பரோம். ஆமாம், சிதம்பரம்தான். 1863-ல் இதே காபெஸ்டெரில் பிறந்தார். இந்திய வம்சாவளியினரை ஓட்டர் பட்டியலில் சேர்க்கக் கூடாது, அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்று அரசாங்கம் சொன்னது. இங்கேயே பிறந்து இங்கேயே உழைப்பவன் எப்படி அந்நியன் ஆவான் என்று 1904-ல் வழக்காடினார். பாரிஸ் இறங்கிவந்தது 1923-ல். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணில் ‘நீ இந்த ஊர்க்காரன்தானா, நிரூபி’ என்று கேட்பது இலங்கை மலையகத்தில் நடந்தது. வேறு பல இடங்களில் இன்றைக்கும் நடக்கிறது. அதனால் இது பழங்கதை இல்லை.

* * *

கார்பே அருவி பக்கத்தில்தான், அதையும் பார்த்துவிடலாம் என்று டாக்ஸிக்காரர் சொல்வார். 110 மீட்டர் அருவி, அழகுதான். ஆனால் விட்டுவிடுங்கள். புவாந்த்-ஆ-பீத்ர் சுற்றுவட்டாரத்தில் டிராஃபிக் நம் அண்ணா சாலைக்குச் சளைத்தது இல்லை. கடிகாரத்தில் கப்பல் நேரத்தையே வைத்திருங்கள். கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே ஊர் திரும்பிவிடுங்கள். மிச்ச நேரத்தில் சதுக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்து, பக்கத்துக் கடையில் கொலம்போ ஒரு தட்டு. அசைவம் வேண்டாம் என்றால் பழம் இருக்கிறது, ஜூஸ் இருக்கிறது. அந்தப் பணம் அந்தக் கடைக்காரம்மா கையில் போய்ச் சேரும். கப்பலில் சாப்பாடு எங்கேயும் ஓடிப் போய்விடாது.

சிதம்பரம் என்ற பெயருக்கு ஓட்டர் பட்டியலில் இடம் கிடைக்கப் பத்தொன்பது வருடம் ஆயிற்று. அந்தத் தீவைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு இருப்பது ஏழு மணி நேரம். அதையும் துறைமுகக் கடையில் டியூட்டி ஃப்ரீ வாட்ச்சுக்குப் பேரம் பேசியே தீர்த்துவிட்டு வந்து, ‘கரீபியன் பார்த்தாச்சு’ என்று சொல்லாதீர்கள். கப்பல் பார்த்தாச்சு என்று சொல்லுங்கள், நம்புகிறேன்.