பச்சைப் பட்டாசா, பசுமைப் பட்டாசா?

ஆங்கிலத்தில் 'டேம்ப் ஸ்குவிப்' என்று ஒரு சொல்வழக்கு உண்டு. ஊரே எதிர்பார்த்த ஒரு விஷயம் கடைசியில் சப்பென்று ஆகிவிட்டால் இப்படிச் சொல்வார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழாக்கினால் 'ஈரமான சிறு வெடி' என்று வரும். பரீட்சையில் இதற்கு மார்க்கூட விழலாம். ஆனால் சிவகாசியில் போய் "நேற்று நடந்த கூட்டம் ஒரு ஈரமான சிறு வெடி" என்று சொல்லிப் பாருங்கள், "வெடிச்சுதா, இல்லையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்களிடம் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. "நமுத்துப் போச்சு." அல்லது "புஸ்வாணம் ஆயிருச்சு." அவ்வளவுதான்.

இதே சங்கதிக்கு ஜெர்மன்காரர்கள் 'ரோர்கிரெபீரர்' என்பார்கள். பீரங்கிக் குழாய்க்குள்ளேயே வெடித்து வீணாய்ப் போன குண்டு என்று பொருள். ஆங்கிலேயருக்கு ஈரம், ஜெர்மானியருக்குப் பீரங்கி, நமக்குப் புஸ்வாணம். பொருள் ஒன்றுதான். ஆனால் ஒருவருடைய சொல்லை அப்படியே பெயர்த்து மற்றவரிடம் கொடுத்தால் யாருக்கும் எதுவும் புரியாது.

தீக்குச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'மேட்ச்'. அந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் திரி என்ற பொருளில் இருந்து வந்தது. ஜெர்மனில் 'ஷ்ட்ரைஷ்ஹோல்ட்ஸ்', அதாவது உரசுகிற மரத்துண்டு. நம் பக்கம் எழுத்தில் தீக்குச்சி, பேச்சில் வத்திக்குச்சி. வத்தி என்றாலும் திரிதான்! லண்டனும் விருதுநகரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்தன. ஊருக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பெயரும் வந்தது. இத்தனை புதுச் சரக்குக்கும் பெயர் வைக்க எந்தக் கலைச்சொல் குழுவும் கூடவில்லை. செய்தவர்களும் விற்றவர்களும் வாங்கிய பிள்ளைகளும் சேர்ந்து வைத்த பெயர்கள்தான் கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், சரவெடி, பாம்பு மாத்திரை எல்லாம். மத்தாப்பு என்ற சொல்லே நிலவைக் குறிக்கும் 'மஹ்தாப்' என்ற பாரசீகச் சொல்லில் இருந்து வந்ததுதான். வந்த வழி மறந்துபோய் நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

இப்போது ஒரு பட்டாசுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'ஃப்ளவர் பாட்' என்று போட்டிருக்கும். இதைப் 'பூந்தொட்டி' என்று தமிழாக்கிக் கடையில் கேட்டால் நர்சரிக்கு வழி காட்டுவார்கள். புஸ்வாணம் என்றால் விலை சொல்வார்கள். கம்பி மத்தாப்பை ஜெர்மானியர்கள் 'வுண்டர்கெர்ட்ஸெ' என்கிறார்கள், அதாவது அதிசய மெழுகுவர்த்தி. அழகான பெயர்தான், ஆனால் அது அவர்களுக்கு அழகு.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இனிமேல் சொல்வது அப்படியல்ல.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்பளித்தது. பேரியம் உப்புகள் கூடாது, புகையும் இரைச்சலும் குறைவான 'கிரீன் கிராக்கர்ஸ்' மட்டுமே கூடும் என்றது. ஆங்கிலத்தில் கிரீன் என்றால் இன்று சுற்றுச்சூழலுக்கு இதமானது என்று ஒரு பொருள் வந்துவிட்டது. தமிழில் பச்சை என்றால் நிறம், இல்லாவிட்டால் வேகாதது. 'பச்சைப் பட்டாசு' என்று ஒரு தொழிலாளியிடம் சொன்னால் பச்சை வெளிச்சம் விடுகிற பட்டாசு என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தப் பச்சை வெளிச்சத்தைக் கொடுப்பது எது தெரியுமா? பேரியம்! எதை நீதிமன்றம் தடை செய்ததோ அதே பேரியம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால், கூடாது என்று சொன்ன சரக்கின் பெயர் கூடும் என்று சொன்ன சரக்குக்குப் போய்விடும்.

நல்லவேளையாகப் பத்திரிகைகள் 'பசுமைப் பட்டாசு' என்று எழுதின, அது நிலைத்தும் விட்டது. ஒரு சிறிய மாற்றம்தான். ஆனால் யோசித்துச் செய்த மாற்றம்.

ஈரத்துக்கும் இதே கதைதான். 'டேம்ப் ஸ்குவிப்' என்றாலும் நமுத்துப்போனது என்றாலும் கேட்பவர் மனதில் வருவது ஆபத்தில்லாத ஒன்று. வாங்கிவைத்த பட்டாசுக்கு அது சரி. பட்டாசு ஆலையில் கதை வேறு. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள் சூடேறத் தொடங்கும், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளவும் கூடும். அங்கே நமுத்துப்போன மருந்துதான் பயப்பட வேண்டிய மருந்து.

'மருந்து' என்ற சொல்லையும் கவனியுங்கள். வேதிக்கலவைக்கு ஆலையில் வழங்கும் பெயர் அதுதான். உயிரைக் காப்பாற்றுவதும் மருந்து, உயிரை எடுப்பதும் மருந்து. விபத்துச் செய்தி எதை எடுத்தாலும் 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு' என்ற வரி இருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மறுபடியும் அதே துயரம். இந்த விபத்துகளுக்கெல்லாம் மொழிதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. அளவுக்கு மீறிய ஆட்கள், சட்டத்துக்குப் புறம்பான உள்குத்தகை, அவசரம் என்று காரணங்கள் பல. ஆனால் அந்தப் பட்டியலில் புரியாத எச்சரிக்கையும் சேர்ந்துவிடக் கூடாது, இல்லையா?

வெடிபொருள் சட்டம் 1884இல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இன்றைய விதிகள் 2008இல் வந்தவை, அவற்றின் நடையும் வக்கீல் நடைதான். உரிமம் தரும் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருக்கிறது. நீளமான அந்த அலுவலகப் பெயரை யாரும் மொழிபெயர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 'நாக்பூர் லைசென்ஸ்' என்று ஊரே சொல்கிறது, எல்லோருக்கும் புரிகிறது. மக்கள் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள். ஆனால் பாதுகாப்பு விதிகளை மொழிபெயர்க்கும்போது மட்டும் அவர்களைக் கேட்பதில்லை.

'நிலை மின்னியல்' என்பது பாடப்புத்தகத்தில் சரியான சொல். மருந்து அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்காவுக்கு அது என்ன சொல்லும்? "நைலான் சேலை கட்டி வராதீங்க, அதுல பொறி பறக்கும், பருத்தியே கட்டுங்க" என்றால் விஷயம் முடிந்தது. 'உராய்வைத் தவிர்க்கவும்' என்பதைவிட "தேய்க்காதே, இழுக்காதே, தட்டாதே" என்பது மேல். கையால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் வாக்கியம்தான் எச்சரிக்கை. மற்றதெல்லாம் சுவருக்கு அடித்த பெயின்ட்.

இதனால் தமிழ் கெட்டுவிடும் என்று சிலர் வருத்தப்படலாம். கெடாது. புஸ்வாணத்தையும் வத்திக்குச்சியையும் கொடுத்த வாய்கள்தான் இவை. கலைச்சொல் அகராதி போடுபவர்கள் புத்தக அலமாரிக்குப் போவதற்கு முன் சாத்தூர் பஸ்ஸில் ஒரு முறை ஏறட்டும். வேலை முடிந்து திரும்புகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காது கொடுத்தால் போதும். அங்கே கேட்ட சொல்லை அப்படியே ஆலைச் சுவரில் எழுதட்டும். யார் கைகள் மருந்தைத் தொடுகின்றனவோ, அவர்களுக்குத்தான் முதலில் புரிய வேண்டும்.