பச்சையெல்லாம் காடாகுமா?

“நிலத்தைச் சும்மா விட்டால் போதும் சாமி, காடு தானாக வந்துவிடும்” என்கிறார் ஒருவர். “எந்த மரமாயிருந்தால் என்ன? பச்சையாக இருந்தால் சரிதானே?” என்கிறார் மற்றொருவர். உழவு கைவிடப்பட்ட நம் மானாவாரி நிலங்களைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இவ்விரு குரல்களும் என் காதில் விழுகின்றன. முன்னது சோம்பலின் குரல். பின்னது அறியாமையின் குரல். இரண்டையும் மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

முதற் குரலுக்கான விடை இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் கண்ணெதிரே நிற்கிறது. மழை பொய்த்தது; பிள்ளைகள் பட்டணம் போனார்கள்; ஏர் நின்றது. பிறகு வந்தது காடா? இல்லை. வந்தது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. இதன் இனிப்பான நெற்றுகளை ஆடுமாடுகள் தின்கின்றன. செரிக்காத விதைகள் சாணத்தோடு வயலெங்கும் விழுந்து முளைக்கின்றன. வெட்டினாலோ அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. ஆவாரைக்கும் குடைவேலுக்கும் உசிலுக்கும் அங்கே இடமேது? சும்மா விட்ட நிலம் சும்மா இருப்பதில்லை. முந்திக்கொண்டு வருவது எதுவோ, அதுவே அதனை ஆள்கிறது.

“அது நம் ஊரின் தனிக்கேடு” என்று சொல்லித் தப்பிக்கவும் இயலாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சீடர் கிரீக் என்னுமிடத்தில் கைவிடப்பட்ட வயல்களை அறிஞர்கள் நெடுங்காலம் கவனித்து வந்தனர். 2019-இல் வெளியான அவர்களது முடிவு நம்மை உலுக்க வேண்டும். உழவு நின்று 91 ஆண்டுகள் கடந்த பின்னும், ஒருபோதும் உழப்படாத அண்டை நிலத்தின் செடிவகைச் செழுமையில் ஏறத்தாழ முக்கால் பங்கே அங்கே திரும்பியிருந்தது. விளைவளமோ பாதிதான். காரணம் எளிது. பல்லாண்டு வாழும் புல் பூண்டுகளின் வேர்களைக் கலப்பை அறுத்துவிடுகிறது. மண்ணுள் உறங்கும் விதைகளுள் பல காலப்போக்கில் உயிரிழக்கின்றன. புதிய விதையைக் கொண்டுவரத் தாய்ச்செடியும் அருகில் இல்லை. இழந்ததைத் திரும்பப் பெற இயற்கைக்கும் ஒரு கை துணை வேண்டும்.

இரண்டாம் குரலை மறுக்குமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முன்பு ஒரு பங்கில், திருவிழாவையொட்டி ஆலய நிலத்தில் ஒரே வகைக் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டோம், மந்திரித்தோம், நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். பிழைத்த மரங்கள் இன்று உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் கீழே ஒரு புதரில்லை. மேலே ஒரு கூடில்லை. ‘படைப்பைக் காத்தோம்’ என்று அன்று பெருமை பேசியவன் நான். இயற்கைக் காடுகளை அகற்றி ஒற்றை மரத் தோப்புகளை வைப்பது உயிரினப் பன்மையைச் சிதைக்கும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் எச்சரித்துள்ளார். தொடக்க நூலின் முதல் அதிகாரமோ, நிலம் அந்தந்த இனத்தின்படி செடிகொடிகளை முளைப்பித்ததாகக் கூறுகிறது. ஓரினத்தை மட்டும் முளைப்பித்ததாக அது கூறவில்லை!

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 1935-இல் மாடிசன் நகரில் பழைய விளைநிலம் ஒன்றை எடுத்து, எஞ்சியிருந்த இயற்கைப் புல்வெளிகளிலிருந்து புற்கரணைகளையும் விதைகளையும் கொணர்ந்து இட்டனர். பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அயல் இனங்களைக் களையும் வேலை மட்டும் அங்கே ஓயவில்லை. நமக்கு அண்மையிலேயே, 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில், அரித்துப்போன செம்மண் மேட்டில் முதலில் வரப்பிட்டு மழைநீரைத் தேக்கினார்கள். விரைந்து வளரும் அயல் மரங்களை நிழலுக்காக வைத்தார்கள். பின்னர் சோழமண்டலக் கரைக்கே உரிய வீரை, காசா, கருங்காலி முதலியவற்றை வளர்த்தார்கள்.

இத்தகைய மரங்கள் எஞ்சியிருக்கும் இடங்களுள் முதன்மையானவை கோவில் காடுகள். தங்கள் தெய்வத்துக்கு அஞ்சி நம் அண்டை வீட்டார் அவற்றை விட்டுவைத்தார்கள். ஆண்டவரே அனைத்தையும் படைத்தார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், எதற்கு அஞ்சி எதை விட்டுவைத்தோம்?

“சீமைக் கருவேலம் ஏழைக்கு விறகு தருகிறதே, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறார்களே” என்று கேட்பது நியாயமே. ஆகையால்தான் ஒரே நாளில் எந்திரம் விட்டுப் பிடுங்குவதை நான் ஆதரிக்கவில்லை. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டபோது எழுந்த வேகம் நினைவிருக்கும். பிடுங்குவது பாதி வேலையே. வெறுமையாக விட்ட குழியை அதே மரம் மீண்டும் நிரப்பும். துண்டு துண்டாக வேரோடு அகற்றுங்கள். அகற்றிய இடத்தில் அந்த மழைக்காலத்திலேயே நாட்டுப் புல்லும் ஆவாரையும் களாவும் சூரையும் விதையுங்கள். பறவை வந்தமரப் புதர் இருந்தால், மர விதையை அது கொண்டுவரும். கண்மாய்க் கரையிலும் கல்லறைத் தோட்டத்திலும் எஞ்சி நிற்கும் தாய்மரங்களைத் தேடுங்கள். நம் மறைக்கல்விச் சிறுவர்களே விதை பொறுக்கலாம்.

பட்டணத்தில் இருந்துகொண்டு, விலை ஏறட்டும் என்று தரிசைப் பூட்டிவைத்திருக்கும் அன்பர்களுக்கு இறுதியாக ஒரு சொல். உங்கள் பாட்டனார் அந்த நிலத்தில் நின்ற செடிகளைப் பெயர் சொல்லி அழைத்தார். உங்கள் பிள்ளைகளுக்கு அவற்றுள் எத்தனை பெயர் தெரியும்? பெயர் மறைந்தபின் செடி மறைவதை யாரும் கவனிப்பதில்லை. பட்டா உங்கள் கையில் இருக்கலாம், நிலம் ஆண்டவருடையது. கணக்குக் கேட்கும் நாளில், “சும்மா விட்டுவிட்டேன்” என்பது விடையாகாது.