விலைபோகா வீடுகள்

கொள்ளுப்பிட்டி ஒழுங்கைகளில் சில வீடுகளின் படலையில் "விற்பனைக்கு" என்னும் பலகை ஆண்டுக்கணக்காய்த் தொங்குகின்றது. மனைக்குற்றம் என்பர் சிலர். விலைமிகுதி என்பர் வேறு சிலர். யான் கண்டமட்டில் குற்றம் உறுதியிலேயே உளது. தந்தையின் மறைவுக்குப்பின் வீடு பிரிபடாத பங்குகளாய் மக்களைச் சேர்கின்றது. ஒருவர் இலண்டனில், ஒருவர் தொரன்ரோவில், மூன்றாமவர் வெள்ளவத்தையிலிருந்தும் மற்றவரோடு பேச்சில்லை. முழு வீட்டையும் விற்பதாயின், 1840ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிற்க அனைவரும் ஒப்பமிடல் வேண்டும். அன்றேல் அற்றோர்ணித் தத்துவம் கொடுத்தல் வேண்டும். ஒருவர் மறுப்பின், 1977ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கே கதி. வழக்கு முடியுமுன் வீடும் பாழாகும், உறவும் பாழாகும். பெற்றோரே, கை நடுங்குமுன் பங்கை எழுதிவையுங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதினும் அது முந்திய கடன்.