வெள்ளை ஒயின்: பாட்டிலா பெருசு, குவார்ட்டரா பெருசு?

1/
முதல்ல ஒரு கேள்வி.

750 மி.லி. வெள்ளை ஒயின் பாட்டில் ஒன்று. 180 மி.லி. பிராந்தி குவார்ட்டர் ஒன்று. இரண்டில் எதுல ஆல்கஹால் அதிகம்?

கூகுள் பண்ணாம ஒரு பதிலை மனசுல வச்சுக்கோங்க. ஏழாவது பதிவுல கணக்கு போட்டுப் பார்ப்போம்.

2/
எதுக்கு இந்தக் கேள்வி?

குன்னூரில் சீசன் தொடங்கி, சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிக்குக் கூட்டம் வரும்போது ஓ.பி.யில் சில வசனங்கள் அடிக்கடி காதில் விழும்.

"பிராந்தியை விட்டுட்டேன் டாக்டர், இப்ப ஒயிட் ஒயின் மட்டும்தான்."
"ஒயின் சரக்குல சேராதுல்ல?"
"ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொன்னாங்க."
"இந்தக் குளிருக்கு அது இதமா இருக்கும் சார்."

சொல்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. அதனாலதான் இந்த இழை.

3/
குடிக்காதேன்னு ஒரு வரியில் சொல்லிட்டுப் போகலாம். ஆனா ஒரு பானம் ஏன் இவ்வளவு பேரை இழுக்குதுன்னு புரியாம சொல்ற அறிவுரை எடுபடாது.

உலகத்தில் அதிகம் விற்கும் வெள்ளை ஒயின் ரகங்களில் ஒன்று சாவின்யோன் பிளாங். பச்சை நிறத் திராட்சை. பூர்வீகம் பிரான்ஸ். லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கும் போர்தோவும் இதன் பழைய வீடுகள். 'காட்டுத்தனமான' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

சிவப்பு ஒயினின் ராஜா என்று சொல்லப்படும் கேபர்னே சாவின்யோன் இந்த வெள்ளைத் திராட்சையின் பிள்ளை! கேபர்னே பிராங்க் என்ற கறுப்புத் திராட்சையோடு எப்போதோ தானாக நடந்த கலப்பு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக விஞ்ஞானிகள் டி.என்.ஏ. பரிசோதனை செய்து 1997இல் இதை உறுதி செய்தார்கள்.

4/
பிரான்சில் பிறந்தாலும், இதை உலகம் முழுக்கக் கொண்டு போனது நியூசிலாந்து.

அங்கே மார்ல்பரோ என்ற பகுதி. ஆடு மேய்ச்சலுக்குப் பேர் போன இடம். 1973இல்தான் மான்டனா என்ற நிறுவனம் அங்கே பெரிய அளவில் திராட்சைக் கொடி நட்டது. 1979இல் முதல் சாவின்யோன் பிளாங் ஒயின். 1985இல் கிளவுடி பே என்ற பிராண்டு வந்ததும் லண்டன் கடைகளில் பேச்சானது. இன்று நியூசிலாந்து ஏற்றுமதி செய்யும் ஒயினில் பெரும்பகுதி இந்த ஒரே ரகம். அம்பது வருஷத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தின் தலையெழுத்தே மாறிடுச்சு.

5/
இந்தியாவுக்கு எப்படி வந்தது?

நாசிக். அதுவரை சாப்பிடும் திராட்சைக்குப் பேர் போன ஊர். அமெரிக்காவில் ஆரக்கிள் வேலையை விட்டுவிட்டு வந்த ராஜீவ் சாமந்த், தன் குடும்ப நிலத்தில் தொடங்கியதுதான் சுலா. 2000ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முதல் ஒயின்களில் சாவின்யோன் பிளாங்கும் ஒன்று.

பிரான்சில் கோடை முடிந்து செப்டம்பரில் அறுவடை. நாசிக்கில் மழை ஓய்ந்ததும் கொடியைக் கவாத்து செய்து, குளிர்காலத்தில் காய்க்க வைத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறிப்பார்கள். நல்ல பழத்துக்குத் தேவை குளிர்ந்த ராத்திரியும் காய்ந்த வானமும்.

நமக்குக் குளிர் இருக்கு, ஆனா தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும். தேயிலைக்கு அது வரம். திராட்சைக்குப் பூஞ்சை நோய்.

6/
சரி, ருசியில் அப்படி என்ன?

பச்சைக் குடைமிளகாயை நறுக்கும்போது ஒரு வாசனை வருமே, அதற்குக் காரணமான பைரசின் வகை வேதிப்பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கு. பேஷன் ஃப்ரூட்டுக்கு வாசனை தரும் தயால் வகைச் சேர்மங்கள் நொதிக்கும்போது வெளிவரும். கூடவே நல்ல புளிப்பு. ஜில்லென்று பரிமாறுவார்கள்.

அதாவது பர்லியார் பழக்கடை வாசனை ஒரு கிளாஸுக்குள். பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். இந்த ஈர்ப்பு பொய் இல்லை.

சிக்கலும் இங்கேதான். பிராந்தி தொண்டையில் இறங்கும்போதே எரிஞ்சு, 'நான் யார்'னு சொல்லிடும். இது சொல்லாது.

7/
இப்போ கணக்கு. ஆல்கஹால் ஒரு மில்லி ஏறத்தாழ 0.79 கிராம்.

வெள்ளை ஒயின் (13%), 750 மி.லி. பாட்டில் = சுமார் 77 கிராம்.
பிராந்தி (42.8%), 180 மி.லி. குவார்ட்டர் = சுமார் 61 கிராம்.

ஆமாம். பாட்டில்தான் ஜெயிக்குது.

150 மி.லி. கிளாஸ் ஒன்றில் சுமார் 15 கிராம். நாலு கிளாஸ் குடிச்சா ஒரு குவார்ட்டர். ஒரு பாட்டிலில் அஞ்சு கிளாஸ் இருக்கு.

"குவார்ட்டரை விட்டுட்டேன், தினம் ராத்திரி ரெண்டு பேரா ஒரு பாட்டில்"னு சொல்றவர் விட்டது பிராந்தியைத்தான், ஆல்கஹாலை இல்லை. ஒரு குவார்ட்டரில் பாதிக்கு மேல் இன்னும் அவருக்குள்ளே போகுது. கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது கிராம் மட்டும்தான்.

8/
"இதயத்துக்கு நல்லதாமே?"

1991இல் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' டிவி நிகழ்ச்சி ஒரு புதிரைப் பேசியது. வெண்ணெயும் சீஸும் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு? ஒயின் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அங்கே கிளம்பின கதை இன்னும் வாட்ஸ்அப்பில் ஓடிக்கிட்டிருக்கு.

இரண்டு விஷயம் கவனிங்க.

ஒன்று, அந்தக் கதை சிவப்பு ஒயினைப் பற்றியது. அதில் சொல்லப்படும் ரெஸ்வெரட்ரால் திராட்சைத் தோலில் இருப்பது. வெள்ளை ஒயினுக்குச் சாறு பிழிந்து, தோலை நீக்கிட்டுத்தான் நொதிக்க விடுவார்கள். அந்தப் பலவீனமான வாதம்கூட வெள்ளை ஒயினுக்குப் பொருந்தாது.

இரண்டு, பழைய ஆய்வுகள் பலவற்றில் 'குடிக்காதவர்கள்' கணக்கில், உடம்பு கெட்டதால் குடியை நிறுத்தியவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்?

9/
உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1988லேயே மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. ஒயினுக்குத் தனி விலக்கு இல்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் அதே நிறுவனம் தெளிவாகச் சொன்னது.

'லேடீஸ் டிரிங்க்' என்று இதை விற்பவர்கள் சொல்லாத விஷயம்: தினம் ஒரு கிளாஸ் அளவிலேயே மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடத் தொடங்குது. கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

10/
"குளிருக்கு இதமா இருக்கே?"

மது தோலில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடான ரத்தம் தோலுக்கு வரும், கதகதப்பாகத் தோணும். உண்மையில் உடம்பின் உள்சூடு வெளியே போய்க்கிட்டிருக்கு. குளிரை உணரும் புத்தியும் மழுங்கும். கம்பளி, ஸ்வெட்டர், சூடான டீ. டீக்கு இந்த ஊரில் பஞ்சமா?

11/
சர்க்கரை நோயாளிகள் இதைக் கண்டிப்பா படிங்க.

"இனிப்பில்லாத ஒயின்தானே, சுகர் ஏறாது." ஏறாது, சரி. இறங்கும்!

சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தயாரித்துத் தருவது கல்லீரல். ஆல்கஹால் அந்த வேலையைத் தடுக்கும். நீங்கள் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்து, ராத்திரி சாப்பாட்டைத் தவிர்த்துக் குடித்தால், சர்க்கரை அபாயமான அளவுக்குக் குறையலாம். குழறல், தள்ளாட்டம், மயக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் "போதையில தூங்குறார்"னு போர்வையைப் போத்திட்டுப் போயிடுவாங்க. விடிஞ்சா காப்பாற்ற முடியாமல் போகலாம்.

எழுப்பினால் எழாதவரைத் தூங்க விடாதீங்க. வாயில் எதையும் ஊற்றாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, உடனே 108.

12/
அடுத்து மலைப்பாதை. நம் சட்டப்படி வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. 60 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் ஒரே ஒரு கிளாஸ் குடித்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகள், பனிமூட்டம், எதிரே வரும் பஸ். 'ஒயின்தானே' என்ற சமாதானம் பிரேக் பிடிக்காது.

13/
'ஹோம் மேட் ஒயின்' தேடி வரும் சுற்றுலா நண்பர்களுக்கு: தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரித்து விற்பது குற்றம். அதைவிட முக்கியம், அந்தப் பாட்டிலில் எத்தனை சதவீதம், வேறு என்ன கலந்திருக்கு என்று தயாரித்தவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

14/
இப்போ என் கருத்து.

லேபிளில் '13%' என்று போட்டால் மட்டும் போதாது. சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டா யாரும் குடிக்கிறாங்க? 'இந்தப் பாட்டிலில் 77 கிராம் ஆல்கஹால்' என்று பெரிய எழுத்தில் அச்சிடணும். பீர், பிராந்தி, ஒயின் எல்லாவற்றிலும்.

முடியாதுன்னு சொல்லாதீங்க. காடுகளில் பாட்டில் உடைந்து விலங்குகள் காயப்படுதுன்னு, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 மே மாதம் நீலகிரியில்தான் காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். காலி பாட்டிலைக் கணக்கு வைக்க முடிந்த நமக்கு, நிறைந்த பாட்டிலில் இருப்பதைச் சொல்ல முடியாதா?

15/
சுருக்கமா:

• குடிக்காதவர்கள் ஆரோக்கியத்துக்காகத் தொடங்க வேண்டாம். அப்படி ஒரு ஆரோக்கியம் இல்லை.
• குடிப்பவர்கள் கிளாஸை எண்ணாதீங்க, கிராமை எண்ணுங்க. குறைக்கிற ஒவ்வொரு கிராமும் லாபம்.
• கல்லீரல் கொழுப்பு, சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மனநல மாத்திரை: வேண்டவே வேண்டாம்.
• பல வருஷமாத் தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் ஒரே நாளில் தானா நிறுத்தாதீங்க. நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அரசு மருத்துவமனைக்கு வாங்க, மருந்து கொடுத்துப் படிப்படியா நிறுத்தலாம். திட்ட மாட்டோம். போதை மீட்பு உதவிக்கு 14446, மருத்துவ ஆலோசனைக்கு 104.

16/
சாவின்யோன் பிளாங்குக்கு நல்ல வாசனை இருக்கு, சுவாரஸ்யமான வரலாறு இருக்கு. அதை ரசிச்சுப் பேசுறதுல தப்பே இல்லை. மருந்துன்னு மட்டும் சொல்லாதீங்க. அது நல்லா உடுத்தின சரக்கு, அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு 'குவார்ட்டர்'னு பதில் வச்சிருந்தவங்க, இதை வீட்டில் ஒருத்தருக்காவது அனுப்புங்க.