மரம் யாருடையது?

மரம் நடுதல் நம் காலத்தின் சடங்குகளுள் ஒன்றாகிவிட்டது. ஒரே நாளில் இத்தனை இலட்சம் கன்றுகள் நடப்பட்டன என்று செய்தி வருகிறது. மூன்று கோடை கழித்து அவற்றுள் எத்தனை எஞ்சின என்ற செய்தி மட்டும் வருவதேயில்லை. பருவநிலை மாற்றத்துக்குப் பரிகாரமாக மரத்தை முன்வைக்கும் நாம், அது யாருடைய உடைமையாக வளரப்போகிறது என்று கேட்பதில்லை. அக்கேள்வியே முதன்மையானது என்று எங்களை எண்ணவைத்தது மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டின் அனுபவம்.

சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள அந்நாட்டை 1970களிலும் 1980களிலும் கொடும் வறட்சி வாட்டியது. மரமற்ற வயல்களில் வீசிய மணற்காற்று இளம் கம்பம்பயிரை மூடியது. ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை விதைக்க நேர்ந்தது. மராடி பகுதியில் பணியாற்றிய ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983-இல், புதர் என்று தாம் நினைத்திருந்தது, வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர் என்பதை அவர் கண்டார். வேர்கள் மண்ணுக்கடியில் உயிரோடிருந்தன. புதிதாக எதையும் நட வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டையிலும் வலுவான சில தண்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்து, கவாத்து செய்து காத்தால் போதும்.

அப்படியானால் உழவர்கள் ஏன் அதுவரை அத்துளிர்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள்? அறியாமையால் என்று சொல்வது எளிது, அது நியாயமன்று. பிரெஞ்சுக் காலனிய ஆட்சியில் உருவாகி, விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த சட்டம், மரங்களை அரசின் உடைமையாக்கியிருந்தது. தன் வயலில் தானே காத்து வளர்த்த மரத்தின் கிளையை வெட்டினாலும் உழவர் அபராதம் கட்ட வேண்டும். தனக்குப் பயன்படாத மரத்தை எவர் வளர்ப்பார்? மராடியில் வனத்துறையினர் அக்கெடுபிடியைத் தளர்த்திய பிறகுதான் இம்முறை ஊர் ஊராகப் பரவியது. ஏறத்தாழ 20 ஆண்டுகளில் சுமார் 50 இலட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் மீண்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர்.

அங்கு உழவர்கள் விரும்பிக் காப்பது காவோ என்னும் மரம். நம் வேலமரத்துக்கு உறவு. மழைக்காலத்தில் இலையுதிர்த்துப் பயிருக்கு வெயிலை விடும். வறண்ட மாதங்களில் தழைத்து நிழல் தரும். நிலத்துக்குத் தழைச்சத்தும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் நெற்றும் அதனால் கிடைக்கின்றன. இதனால் நைஜரின் வறுமை தீர்ந்துவிடவில்லை. 2005-இலும் 2010-இலும் அங்கு கடும் உணவு நெருக்கடி வந்தது. ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் விற்பதற்குச் சிறிது விறகும், கால்நடைக்குத் தீனியும் உள்ள குடும்பம், எதுவுமற்ற குடும்பத்தைப் போல் நொடித்துப்போவதில்லை. மாறிவரும் பருவநிலைக்குத் தகவமைதல் என்பது நடைமுறையில் இதுதான்.

இக்கதை நமக்கும் அந்நியமன்று. சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தன மரம் அரசுக்கே என்ற நிலை இங்கும் நெடுங்காலம் இருந்தது. தானாக முளைத்த சந்தனக் கன்றைப் பிடுங்கி எறிவதே வம்பில்லாத வழியாயிற்று. கர்நாடகம் 2001-இலும் தமிழகம் 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்குரியவரையே மரத்துக்கும் உரியவராக்கின. 2014-இல் இந்திய அரசு வெளியிட்ட தேசிய வேளாண்காடு வளர்ப்புக் கொள்கையும், மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் உள்ள கட்டுப்பாடுகளை ஒரு தடையாகவே குறிப்பிடுகிறது.

மரத்தைப் போற்றும் இலக்கியத்தில் தோய்ந்த நமக்கு, ‘வெட்டும் உரிமை’ என்ற சொல் காதில் உறுத்தும். எங்களுக்கும் உறுத்தியது. அடர்காட்டுக்கு அவ்வுரிமையை நாங்கள் கோரவில்லை. அங்கு காவல் வேண்டும். ஆனால் வயலின் நடுவே நிற்கும் மரம் உழவரின் பயிர்களுள் ஒன்று. அதை வெட்டும் உரிமை உள்ளவரே அதை வெட்டாமல் காக்கவும் காரணம் உள்ளவர். அடுத்த முறை இலட்சம் கன்றுகள் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, அவற்றின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவை யாருடையவை என்று கேட்போம்.