சைலன்சரும் சில சவடால்களும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கு எழுத வெச்சது நேத்து ராத்திரி பதினொன்றரை மணிக்கு எங்க தெருவுல போன ஒரு பைக். 200 சிசி கூட இருக்காது, சத்தம் மட்டும் போர் விமானம் ரேஞ்சுக்கு! எதிர்வீட்டுக் குழந்தை வீல்னு அழ ஆரம்பிச்சு, அடங்க அரை மணி நேரம் ஆச்சு. ஓட்டுறவரைக் கேட்டா "ரேஸ் சைலன்சர் பாஸ்"ம்பார். அந்த 'ரேஸ்'ங்கிற வார்த்தைதான் எனக்கு ஆகல.

மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டப் போனவன் நான். படிச்சதுல மறக்காதது ரொம்பக் கொஞ்சம்தான், அதுல இது ஒண்ணு. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது புகை மட்டும் வெளியே வர்றதில்ல. ஒரு அழுத்த அலையும் குழாய்க்குள்ள பாயுது. குழாய்கள் ஒண்ணு சேர்ற இடத்துலயும் திறந்த முனையிலயும் அது முட்டித் திரும்புது. திரும்பும்போது தள்ளுற அலையா இல்ல, உறிஞ்சுற அலையா வருது. சரியான நேரத்துக்கு வால்வுகிட்ட வந்துட்டா, மிச்சம் மீதிப் புகையை வெளியே இழுத்து, புதுக் காத்தையும் பெட்ரோலையும் உள்ளே கூட்டிட்டு வரும். செலவே இல்லாம ஒரு பம்ப்!

'சரியான நேரம்'ங்கிறதுலதான் மொத்த வித்தையும் இருக்கு. 12,000 ஆர்பிஎம்-ல கிராங்க் ஒரு சுத்து சுத்த 5 மில்லிசெகண்ட். உள்ளே விடுற வால்வும் வெளியே விடுற வால்வும் சேர்ந்தாப்புல திறந்திருக்கிறது ஒரு மில்லிசெகண்டுக்கும் கம்மி. சூடான புகைக்குள்ள அந்த அலை செகண்டுக்கு 500 மீட்டருக்கு மேல ஓடும். அப்ப ஒரு மில்லிசெகண்டுக்கு அரை மீட்டர். குழாய் நீளத்துல சில சென்டிமீட்டர் மாத்தினாலே, எந்த வேகத்துல இன்ஜின் நல்லா இழுக்குங்கிறது மாறிடும். இது நடக்குறது இன்ஜினை ஒட்டி வளைஞ்சு வர்ற குழாய்கள்ல. நம்மாளுங்க ஆசையா மாத்துற கடைசி டப்பாவுக்கு இதுல பங்கு ரொம்பக் கம்மி.

பாப்ஸ் யோஷிமுரா 1971-ல ஹோண்டா சிபி750 ரேஸ் பைக்குக்கு நாலு குழாயையும் ஒண்ணாச் சேர்த்தது இந்தக் கணக்குலதான். ஒரு சிலிண்டரோட அலை இன்னொண்ணுக்கு உதவுச்சு, எடையும் குறைஞ்சுது. நாலை நேரா ஒண்ணாச் சேர்த்தா உச்சத்துல சக்தி ஜாஸ்தி. நாலை ரெண்டாக்கி அப்புறம் ஒண்ணாக்கினா நடுவேகத்துல இழுவை நல்லா இருக்கும். ரேஸ் டீம் எல்லாம் மண்டையை உடைச்சுக்கிறது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 12,000-க்கு அளந்த குழாய் 6,000-ல காலை வாரும். அலை சீக்கிரமே வந்துட்டுப் போயிடும். அதுக்குத்தான் யமஹா, 1989 எஃப்இசட்ஆர்1000-ல எக்ஸ்அப்-னு குழாய்க்குள்ள ஒரு வால்வு வெச்சாங்க. கீழ்வேகத்துல வழியைக் கொஞ்சம் அடைக்கிறதுதான் அதோட வேலை. கவனிங்க மக்களே, அடைச்சா நல்லா இழுக்குது! 'ஃப்ரீ ஃப்ளோ'ன்னா எப்பவும் நல்லதுன்னு யார் சொன்னது?

சைலன்சர் எங்கே இருக்கணும்ங்கிறதுலயும் இதே கதைதான். 1994-ல டுகாட்டி 916 சீட்டுக்கு அடியில வெச்சுது. அழகுன்னா அப்படி ஒரு அழகு. 2004-ல ஆர்1, ஃபயர்பிளேடு ரெண்டும் அதே வழி. ஆனா அவ்ளோ உசரத்துல எடை இருந்தா வளைவுல பைக்கைச் சாய்க்கிறது கஷ்டம். 2008-லயே ஃபயர்பிளேடு சைலன்சரை வயித்துக்கு அடியில இறக்கிடுச்சு. எஃகை விட்டுட்டு, அதுல பாதியை விடக் கொஞ்சம்தான் அதிக எடையுள்ள டைட்டானியத்துக்குப் போறதும் கிலோ கணக்குக்காகத்தான். சத்தத்துக்காக யாரும் போகல. சூப்பர்பைக் ரேஸ்லயே சத்தத்துக்கு வரம்பு இருக்கு, மீட்டர் வெச்சு அளப்பாங்க.

"ரேஸ் பைக்கும் சத்தமாத்தானே போகுது?"ன்னு கேட்பீங்க. போகுதுதான். பரோட்டா மாஸ்டரும் டமடமன்னு தட்டுறார், தட்டுனதாலயா ருசி வருது?

"சத்தம் கேட்டா லாரிக்காரர் ஒதுங்குவார், பாதுகாப்பு"ன்னு ஒரு வாதம் இருக்கு. சைலன்சர் வாய் பின்னாடி பார்த்து இருக்கு சாமி. முன்னாடி போற லாரிக்காரருக்கு அது தெளிவாக் கேட்குறதுக்குள்ள நீங்க அவர் டயர் பக்கத்துல இருப்பீங்க.

இவ்ளோ வாய் கிழியப் பேசுற நான் யோக்கியனான்னா, இல்லை. முதல் சம்பளத்துல என் 150 சிசி வண்டிக்கு ஒரு 'ரேஸ்' டப்பா மாட்டினவன்தான். பெட்ரோல் அளவை எதையும் மாத்தல, டப்பா மட்டும்தான். சிக்னல்ல கிளப்பும்போது இழுவை செத்துப்போச்சு, மைலேஜும் இறங்கிடுச்சு. படிச்ச பாடம் எல்லாம் தெரிஞ்சும் "இல்லல்ல, வேகமாத்தான் போகுது"ன்னு மூணு மாசம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். காது மூளையை ஏமாத்துறதுக்கு என்னை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்ப கீழ்வீட்டு மாமி ஒரு நாள் ரொம்ப அக்கறையாக் கேட்டாங்க: "ஏம்ப்பா, வண்டி ரிப்பேரா? மாமாவுக்கு ஆபரேஷன் ஆனதுல இருந்து தூக்கமே சரியா இல்ல. நீ வர்ற சத்தம் கேட்டா திடுக்குனு எழுந்து உட்கார்ந்துடறார். காசு பத்தலைன்னா சொல்லு, ரிப்பேர் பண்ணிக்கோ."

திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். காசு தரேன்னு சொன்னா என்ன பண்றது? அன்னிக்கு சாயங்காலமே பழைய சைலன்சரை மாட்டிட்டேன். மாமிகிட்ட "ரிப்பேர் பண்ணிட்டேன்"னுதான் சொன்னேன். யோசிச்சுப் பார்த்தா அது பொய்யும் இல்ல.

ரேஸ் ஆசை இருக்கா? இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போங்க, ஆசை தீர முறுக்குங்க, நானும் வரேன். தெருவுக்குள்ள அந்த டப்பாவை மாட்டிட்டு வந்தா, தயவுசெஞ்சு அதை ரேஸ் சைலன்சர்னு மட்டும் சொல்லாதீங்க. மாமி சொன்ன மாதிரி ரிப்பேருன்னே சொல்லுங்க.